அமெரிக்கக் கடற்படையில் ஒரு பிலிப்பினோ அப்பா: அவர் ஏன் சமையல்கட்டில் இருந்தார்?

கேள்வி: சான் டியேகோவில் என்னுடன் வேலை பார்க்கும் பிலிப்பினோ நண்பரின் அப்பா சென்ற வாரம் காலமானார். 1960களின் நடுவில் பிலிப்பைன்ஸில் இருந்தபடியே அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து 20 வருடம் வேலை பார்த்தவர். இரங்கல் உரையில் மகன், 'அப்பா எங்களுக்காகவே வாழ்ந்தார், கடற்படையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்' என்றார். அமெரிக்கக் குடிமகனே அல்லாத ஒருவர் அந்தப் படையில் எப்படிச் சேர்ந்தார்? அப்படிப் போன பிலிப்பினோக்கள் ஏன் பெரும்பாலும் சமையல், பரிமாறல் வேலையிலேயே இருந்தார்கள்? அப்பாவின் வாழ்க்கையை எழுதித் தொகுக்க வேண்டும் என்கிறார் நண்பர். எங்கே தொடங்குவது?

பதில்:

வழக்கமாக ஒருவர் முதலில் அமெரிக்காவில் குடியேறுவார், பிறகு விருப்பமிருந்தால் படையில் சேருவார். உங்கள் நண்பரின் அப்பா விஷயத்தில் இது தலைகீழ். முதலில் கடற்படை, குடியேற்றம் அப்புறம்தான். சொந்த ஊரில், சொந்த நாட்டுக் குடிமகனாக இருந்துகொண்டே அந்நியப் படையில் கையெழுத்துப் போட முடிந்ததற்கு இரு நாடுகளுக்கு இடையிலான ஓர் ஒப்பந்தம் காரணம். ஆனால் அவரை நேராகச் சமையல்கட்டுக்கு அனுப்பியது அந்த ஒப்பந்தத்தைவிடப் பழைய வழக்கம். அவர் வாய் திறக்காததற்கும் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1898-இல் ஸ்பெயினுடனான போரில் வென்ற அமெரிக்கா, ஸ்பெயினின் காலனியாக இருந்த பிலிப்பைன்ஸை 2 கோடி டாலர் கொடுத்துத் தன் வசமாக்கிக்கொண்டது. ஸ்பெயின் போனால் விடுதலை என்று நம்பியிருந்த பிலிப்பினோக்கள் அடுத்த வருடமே அமெரிக்காவை எதிர்த்து ஆயுதம் தூக்க வேண்டியதாயிற்று. அந்தச் சண்டை ஓய்வதற்கு முன்பே, 1901-இல், 500 பிலிப்பினோக்கள் வரை கடற்படையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஜனாதிபதி மெக்கின்லி உத்தரவு போட்டார். அப்போது சேர்ந்தவர்கள் எல்லாரும் சமையல்காரர்கள் அல்லர். கொதிகலன் அறையில் கரி தள்ளினார்கள், பேண்டு வாத்தியம் வாசித்தார்கள், மாலுமிகளாகவும் இருந்தார்கள்.

இதற்கு நல்ல சாட்சி டெலெஸ்போரோ டிரினிடாட். பானாய் தீவுக்காரர். 1915 ஜனவரி 21 அன்று, மெக்ஸிகோ கடற்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த 'சான் டியேகோ' போர்க்கப்பலில் கொதிகலன்கள் அடுத்தடுத்து வெடித்தன. முதல் வெடிப்பில் வெளியே தள்ளப்பட்டவர் திரும்ப உள்ளே போய், காயம்பட்டுக் கிடந்த சக ஊழியரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் இன்னொரு கொதிகலன் வெடித்து முகம் வெந்தது. தூக்கி வந்தவரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் காப்பாற்றப் போனார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' அவருக்குக் கிடைத்தது. கடற்படையில் அதைப் பெற்ற பிலிப்பினோ இன்றுவரை அவர் ஒருவர்தான். புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைப்பதாக 2022-இல் அறிவித்தார்கள். இதை நான் இங்கே சொல்வது வீரத்துக்காக மட்டும் இல்லை. அவருடைய பதவி 'ஃபயர்மேன்', அதாவது கொதிகலன் ஆள். முதல் உலகப் போருக்குப் பிறகு சேர்ந்திருந்தால் அந்த அறைக்குள் கால் வைக்கவே அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் கடற்படை, கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதை 1919 வாக்கில் நிறுத்தியது. அதுவரை அதிகாரிகளுக்குப் பரிமாறும் பிரிவில் அவர்கள்தான் பெருமளவில் இருந்தார்கள். காலியான அந்த இடத்துக்குப் பிலிப்பினோக்களைக் கொண்டுவந்தார்கள். கூடவே, பிலிப்பினோக்களுக்கு மற்றப் பிரிவுகளின் கதவையும் சாத்திவிட்டார்கள். 1932-இல் கறுப்பினத்தவரை மீண்டும் எடுக்கத் தொடங்கியபோதும் அவர்களுக்கும் அதே பரிமாறும் பிரிவுதான். தோலின் நிறத்தை வைத்து வேலை பிரித்தது ஒளிவுமறைவான விஷயமே இல்லை, கடற்படையின் வெளிப்படையான ஏற்பாடாகவே அது நடந்தது. போர் மணி அடித்தால் இதே ஆட்கள் பீரங்கிகளுக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் 'அரிசோனா' கப்பலோடு மாண்டவர்களில் பிலிப்பினோ ஸ்டூவர்ட்களும், அதாவது இந்தப் பரிமாறும் பிரிவினரும், உண்டு.

கசப்பான இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. ஆசியர்கள் யாரும் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்றிருந்த காலத்தில், 1918 மே மாதச் சட்டம் ஒன்று, கடற்படையில் 3 வருடம் வேலை பார்த்து நற்சான்றோடு வெளிவந்த பிலிப்பினோவுக்குக் குடியுரிமை கேட்கும் உரிமையைத் தந்தது. 1925-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இது எவ்வளவு அபூர்வமான கதவு என்று தெரிய வேண்டுமானால் நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படைச் சீருடை போட்டவர். 1923-இல் அதே உச்ச நீதிமன்றம், நீங்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று அவருக்குக் கைவிரித்தது. கடைசியில் 1946-இல்தான் ஒரே சட்டம் பிலிப்பினோக்களுக்கும் இந்தியர்களுக்கும் சேர்த்துக் குடியுரிமை வாசலைத் திறந்தது. அதிலும் வருடத்துக்கு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் 100 பேர்தான் குடியேறலாம்!

இனி உங்கள் நண்பரின் அப்பாவுடைய காலம். 1946 ஜூலை 4 அன்று பிலிப்பைன்ஸ் சுதந்திர நாடாயிற்று. கொடி மாறியது, தளங்கள் மாறவில்லை. 1947-இல் கையெழுத்தான ராணுவத் தள ஒப்பந்தம் சுபிக் விரிகுடா, சாங்லி பாயின்ட் போன்ற இடங்களை அமெரிக்காவிடமே விட்டது. அதில் ஒரு பிரிவு, பிலிப்பைன்ஸ் குடிமக்களைத் தன் படைக்கு எடுத்துக்கொள்ள அமெரிக்காவை அனுமதித்தது. 1952-இல் வருடத்துக்கு 1,000 பேர் வரை என்று வைத்தார்கள், 1954-இல் அதை 2,000 ஆக்கினார்கள். இந்த ஒப்பந்தத்தின் கீழ் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய இருபது வருடம் ஒரே ஒரு பிரிவுதான் வழங்கப்பட்டது: ஸ்டூவர்ட். வேறு நாட்டுக் குடிமகனை அமெரிக்கச் சீருடையில் அனுப்புகிற இப்படியொரு ஏற்பாடு அப்போது வேறு எந்தச் சுதந்திர நாட்டோடும் இவ்வளவு பெரிய அளவில் நடக்கவில்லை.

2,000 இடத்துக்குப் போட்டி எப்படி இருந்தது தெரியுமா? 1960களில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேர் அளவில் விண்ணப்பம் போட்டார்கள். ஆங்கிலத் தேர்வு, உடல் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் தாண்டி எடுக்கப்பட்டவர்களில் கல்லூரி படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். சொந்த ஊரில் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தாலும் அதன் சம்பளம் அமெரிக்கக் கடற்படையின் அடிமட்டச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. நம் ஊரில் வளைகுடாவுக்குப் போனவர் வீடு தெருவில் தனியாகத் தெரியுமே, அந்த மாதிரி அங்கே கவிதே மாகாணத்தில் கடற்படைக்காரர் வீடு தெரிந்தது. 1970 வாக்கில் அமெரிக்கக் கடற்படையில் 14,000 பிலிப்பினோக்கள் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் சொந்தக் கடற்படையிலேயே அவ்வளவு பேர் இல்லை.

சரி, ஸ்டூவர்ட் என்றால் என்ன வேலை? நண்பரிடம் இதை விரிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. கப்பலில் சாதாரண மாலுமிகளுக்குச் சமைப்பவர்கள் வேறு பிரிவு. ஸ்டூவர்ட் என்பவர் அதிகாரிகளுக்கு மட்டும். அவர்கள் சாப்பிடும் 'வார்ட்ரூம்' என்ற அறையில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு மேசை விரிக்க வேண்டும், காபி ஊற்ற வேண்டும், தட்டு எடுக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. அதிகாரிகளின் படுக்கையை விரித்து மடிப்பது, அறையைக் கூட்டித் துடைப்பது, துணியைச் சலவைக்குப் போட்டு வாங்கி வைப்பது, காலணிக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் அவர் தலையில்தான். கரையில் இருக்கும்போது அட்மிரல்களின் வீட்டுக்கு வேலைக்குப் போனவர்களும் உண்டு. அங்கே விருந்து சமைப்பது, விருந்தினரைக் கவனிப்பது, சில வீடுகளில் நாயை நடத்திக் கூட்டிப் போவதுவரை செய்திருக்கிறார்கள். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் அலுவலர்கள் சாப்பிடும் உணவுக்கூடத்தை 1951-லிருந்து கடற்படைதான் நடத்துகிறது. பல பத்தாண்டுகள் அங்கே பரிமாறியவர்களில் பிலிப்பினோ ஸ்டூவர்ட்கள் நிறைய.

தன்னைவிட வயதில் சின்ன அதிகாரி, ஒருவேளை தன்னைவிடக் குறைவாகப் படித்தவரும்கூட. அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போடும் ஒரு மனிதர், 'அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறேன்' என்று ஊருக்குக் கடிதம் எழுதுகிறார். அம்மாவுக்கு மாதாமாதம் பணம் போகிறது. தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் போகிறது. தங்கை நர்ஸிங் படிக்கிறாள். சீருடையில் எடுத்த படம் ஊர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இந்த நிலையில் அவர் எந்தக் கதையைச் சொல்வார், எதை விழுங்குவார்? பிள்ளைகளிடம் 'நான் பரிமாறினேன்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு இருந்தது. பல குடும்பங்களில் அப்பா ஓய்வு பெற்ற பிறகே, சில குடும்பங்களில் அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோதே, அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இதை வெறும் அவமானக் கதையாக எழுதிவிட வேண்டாம். அதுவும் பொய்தான். அன்று சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்டார்கள், 20 வருடம் முடித்து ஓய்வூதியத்தோடுதான் வெளியே வந்தார்கள். ஏமாந்து மாட்டிக்கொண்டவர்கள் இவ்வளவு கணக்காக நடந்துகொள்ள மாட்டார்கள். பேரம் என்னவென்று தெரிந்தே செய்தார்கள். தொழிலிலும் கெட்டிக்காரர்கள். கப்பல் ஆடும்போது சூப் சிந்தாமல் பரிமாறுவதும், கையில் இருக்கும் சரக்கை வைத்து 30 அதிகாரிகளுக்கு மூன்று வேளை புதிதாகச் சமைப்பதும் சும்மா வருகிற திறமை இல்லை. கப்பல் எங்கே போனாலும் பிலிப்பினோக்கள் ஒரு மூலையில் சோறு வடித்து, அடோபோ சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பின்னாளில் யார் வீட்டுக் கல்யாணம், ஞானஸ்நானம் என்றாலும் இருநூறு பேருக்கு லும்பியாவும் பான்சிட்டும் தயார் செய்து நின்றவர்கள் இவர்கள்தான். நண்பரின் வீட்டிலும் பண்டிகைக்குச் சமையல் அப்பாவின் பொறுப்பாக இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார் என்ற அந்த வாக்கியத்தில் இன்னொரு முரண் உண்டு. அப்படி வாழ்ந்த அப்பா, வீட்டில் இருந்த காலம் கொஞ்சம். வியட்நாம் போர்க் காலத்தில் ஒரு கப்பல் கிளம்பினால் ஆறு மாதம், எட்டு மாதம் திரும்பாது. குழந்தை பிறந்த செய்தி கடிதத்தில் வரும். குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். வீட்டுக் கணக்கு, பள்ளி, காய்ச்சல், வாடகை எல்லாவற்றையும் அம்மாதான் பார்த்தார். பெரும்பாலும் அவரும் வேலைக்குப் போனார். அதனால் அப்பாவின் நினைவைத் தொகுக்கும்போது அம்மாவின் பக்கத்தைத் தவறாமல் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட நினைவுக் குறிப்புகளில் அம்மா பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துபோகிறார், அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

1970-இல் கடற்படைத் தலைமைத் தளபதியான எல்மோ ஸும்வால்ட், பல பழைய வழக்கங்களை ஒரே உலுக்காக உலுக்கினார். சிறுபான்மையினர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அந்த வருடக் கடைசியில் அவர் விட்ட சுற்றறிக்கை இன்றும் பேசப்படுகிறது. 1970களின் முதல் பாதியில் பிலிப்பினோக்களுக்கு மற்றப் பிரிவுகள் திறந்தன. 1975-இல் ஸ்டூவர்ட் என்ற பிரிவையே எடுத்துவிட்டு, மாலுமிகளுக்குச் சமைக்கும் பிரிவோடு சேர்த்து ஒன்றாக்கினார்கள். திறந்த கதவு வழியாக ஆயிரக்கணக்கானோர் சம்பளப் பட்டுவாடா, சரக்குக் கிடங்கு, பணியாளர் கோப்பு போன்ற எழுத்து வேலைகளுக்கு மாறினார்கள். ஒரு காலகட்டத்தில் கப்பலில் சம்பளச் சிக்கல் என்றால் பிலிப்பினோ யாரையாவது தேடு என்பது கடற்படைக்குள் கேலியாகவும் உண்மையாகவும் இருந்தது. ரகசியப் பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால் சில பிரிவுகள் அப்போதும் எட்டவில்லை. நண்பரின் அப்பா 1960களின் நடுவில் சேர்ந்தவர் என்றால், பாதி வழியில் இந்த மாற்றத்தைப் பார்த்திருப்பார். மாறினாரா, சமையலிலேயே நின்றாரா என்பது அவரைப் பற்றிய முக்கியமான கேள்வி. பிடித்துப்போய் அங்கேயே நின்று 'சீஃப்' பதவிவரை உயர்ந்தவர்களும் நிறையப் பேர்.

குடியுரிமைக்கு வருவோம். போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த வெளிநாட்டவருக்கு விரைவாகக் குடியுரிமை தரும் சட்டம் உண்டு. வியட்நாம் போருக்கு அது 1961 பிப்ரவரி 28 முதல் 1978 அக்டோபர் 15 வரையிலான பணியைக் கணக்கில் எடுத்தது. ஆனால் படையில் சேர்ந்தபோது அமெரிக்க மண்ணில் இருந்தீர்களா என்று அந்தச் சட்டம் கேட்டது. சாங்லி பாயின்டில் கையெழுத்துப் போட்டவர் அமெரிக்க மண்ணில் இல்லை. அப்படியானவர் பின்னர் சட்டப்படி நிரந்தரக் குடியிருப்பு வாங்கியிருக்க வேண்டும். ஆக, போர்முனைக் கடலில் பல வருடம் மிதந்துவிட்டு, குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் ஏராளம். ஒப்பந்தப்படி வெளிநாட்டில் சேர்ந்து 12 வருடம் பணியாற்றியவர்கள் நேரடியாக நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்ற தனிச் சட்டம் 1991 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பிலிப்பைன்ஸ் செனட், புதிய தள ஒப்பந்தத்தை 12-க்கு 11 என்ற கணக்கில் நிராகரித்திருந்தது. 1992 நவம்பரில் சுபிக்கிலிருந்து கடைசி அமெரிக்கக் கப்பல் கிளம்பியது. ஆள் எடுப்பதும் அதோடு நின்றது.

குடியுரிமை கிடைத்ததும் மனிதர்கள் முதலில் செய்தது மனுப் போடுவது. 1965 குடியேற்றச் சட்டம் குடும்பத்தினரை அழைத்துக்கொள்ள வழி செய்திருந்தது. மனைவி, பிள்ளைகள், அப்புறம் பெற்றோர், அப்புறம் கூடப்பிறந்தவர்கள். பிலிப்பைன்ஸிலிருந்து அண்ணன் தம்பியை அழைக்க ஏறக்குறைய 20 வருடம் காத்திருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரை ஒட்டிய நேஷனல் சிட்டியும், ஊருக்குள் பாரடைஸ் ஹில்ஸ், மீரா மேசா பகுதிகளும், வடக்கே வல்லேஹோவும், கிழக்குக் கரையில் நார்ஃபோக், வர்ஜீனியா பீச்சும் பிலிப்பினோ ஊர்களாக ஆனது இப்படித்தான். வரைபடத்தில் பாருங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கடற்படைத் தளமோ கப்பல் கட்டும் தளமோ இருக்கும், அல்லது இருந்திருக்கும். நாற்பது வயதில் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர் சும்மா உட்காரவில்லை. அஞ்சல் துறை, கப்பல் தளம், அரசு அலுவலகம் என்று இன்னொரு இருபது வருடம் உழைத்தார். ஓய்வூதியம் வீட்டுக் கடனுக்கு, இரண்டாவது சம்பளம் பிள்ளைகளின் படிப்புக்கு, மிச்சம் ஊருக்கு அனுப்பும் பாலிக்பாயன் பெட்டிக்கு. சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட், துண்டு என்று அடைத்துக் கப்பலில் அனுப்புவார்களே, அந்தப் பெட்டி.

பொதுவெளியில் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன், நண்பருக்கு இது பிடிக்கும். எலினார் மரியானோ என்ற மருத்துவர், சாங்லி பாயின்டில் பிறந்தவர். அப்பா கடற்படை ஸ்டூவர்ட், அட்மிரல்களின் வீடுகளில் பரிமாறியவர். மகள் சான் டியேகோவில் படித்து, ராணுவ மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, கடற்படை மருத்துவரானார். 1990களில் வெள்ளை மாளிகையின் மருத்துவரானார், பிறகு அங்குள்ள மருத்துவப் பிரிவுக்கே தலைவரானார். 2000-இல் ரியர் அட்மிரல். அமெரிக்கக் கடற்படையில் அந்த நிலைக்கு வந்த முதல் பிலிப்பினோ அமெரிக்கர் அவர். எல்லா ஸ்டூவர்ட் வீட்டிலும் இது நடக்கவில்லை என்பது வேறு விஷயம். சாதாரணமாக நடந்தது, மகள் நர்ஸானாள், மகன் பொறியாளரானான், இன்னொருவன் அப்பா வழியில் கடற்படைக்கே போனான் என்பதுதான். எனக்கு அந்தச் சாதாரணக் கதைகள்தான் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன.

ஒரு குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். பிலிப்பினோ முன்னாள் வீரர் என்றதும் பலருக்கு நினைவு வருவது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்டு, 1946 பிப்ரவரியில் ஒரு சட்டத்தால் சலுகைகள் பறிக்கப்பட்டவர்கள். 2009-இல்தான் அவர்களுக்கு ஒரே தவணையாக 15,000 டாலர் தந்தார்கள், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு 9,000. அந்தப் போராட்டம் வேறு. நண்பரின் அப்பா முறையான அமெரிக்கக் கடற்படைக்காரர், அவருக்கு ஓய்வூதியம், மருத்துவம், ராணுவ மரியாதையோடு அடக்கம் எல்லாம் உரிமையாக உண்டு.

தொகுப்பதற்கு இனி செய்ய வேண்டியவை. முதலில் வீட்டில் 'டிடி-214' என்ற விடுவிப்புச் சான்று இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். சேர்ந்த இடம், பிரிவு, பதக்கங்கள், பணிக்காலம் எல்லாம் அதில் இருக்கும். கிடைக்காவிட்டால் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதலாம். மனைவி, மகன், மகள் கேட்டால் பணிக் கோப்பின் நகல் தருவார்கள், படையை விட்டு 62 வருடம் ஆகாதவருடைய கோப்பு என்றால் கட்டணம் இல்லை. இறப்புச் சான்றின் நகலை இணைக்க வேண்டும். அந்த மையத்தில் 1973-இல் நடந்த பெரிய தீவிபத்தில் தரைப்படை, விமானப்படைக் கோப்புகள் கோடிக்கும் மேல் எரிந்துபோயின. நல்ல வேளை, கடற்படைக் கோப்புகள் அதில் சிக்கவில்லை. ஆகவே எல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோப்பில் கப்பல்களின் பெயர் கிடைத்துவிட்டால் வேலை சுவாரசியமாகும். நீண்ட பயணம் முடிந்ததும் பல கப்பல்கள் 'குரூஸ் புக்' என்று ஒரு படத்தொகுப்பு அச்சிட்டன. பிரிவு வாரியாக எல்லாருடைய படமும் இருக்கும். ஸ்டூவர்ட்கள் பக்கத்தைத் திருப்பினால் இருபது வயது அப்பா வெள்ளை மேலங்கியில் நிற்பதைப் பார்க்கலாம். கப்பலின் அன்றாடக் குறிப்பேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்தத் தேதியில் எந்தக் கடலில் இருந்தார் என்று அதில் தெரியும். இது வெறும் நினைவுக்கு மட்டும் உதவுவதில்லை. வியட்நாம் கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லைக்குள் இருந்த கடற்படையினரும், அந்தப் போரில் அமெரிக்கா காடுகள்மீது தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' ரசாயனத்தால் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்று 2019-இல் சட்டம் வந்தது. 2022 சட்டம் நோய்ப் பட்டியலில் உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றையும் சேர்த்தது. அப்பா எந்த நோயால் இறந்தார் என்பதைப் பொறுத்து அம்மாவுக்கு மாதாந்திர உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. இதை நினைவுத் தொகுப்புக்கு முன்பாகவே பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அப்பாவின் ஓய்வூதியம் அவரோடு நின்றுவிடும். வாரிசுத் திட்டத்தில் அவர் சேர்ந்திருந்தால் மட்டுமே அதில் 55 சதவீதம்வரை மனைவிக்குத் தொடரும். முன்னாள் படையினர் சங்கங்களில் இதற்கென்று இலவசமாக உதவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுதும்போது ஒன்றே ஒன்று வலியுறுத்துவேன். 'கடற்படை வீரர்' என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாமல், 'ஸ்டூவர்ட்' என்று எழுதட்டும். என்ன வேலை என்று எழுதட்டும், ஏன் அந்த வேலை மட்டும் தரப்பட்டது என்றும் எழுதட்டும். அப்பா சொல்லாததை நாம் சொல்லலாமா என்று நண்பர் தயங்கலாம். அப்பா மறைத்தது பிள்ளைகளைக் காப்பாற்ற. பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள், அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இனி தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்கோ தாத்தா எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்று தெரிந்தால்தான் அந்த வீடும் படிப்பும் எங்கிருந்து வந்தன என்று புரியும்.

நீங்கள் நேரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடக்கம் மிராமர் போன்ற தேசியக் கல்லறையில் இருந்தால், கடற்படையினர் குறைந்தது இருவர் வந்து சவப்பெட்டியின் மேலிருக்கும் கொடியை முக்கோணமாக மடித்து அம்மாவிடம் கொடுப்பார்கள், 'டேப்ஸ்' என்ற எக்காள இசை ஒலிக்கும். அப்போது எழுந்து நிற்க வேண்டும். வீட்டில் ஒன்பது நாள் தொடர்ந்து ஜெபமாலை சொல்வார்கள், நாற்பதாம் நாளும் முதல் வருட நினைவும் முக்கியம். கத்தோலிக்கர் அல்லாதவர் போய் உட்கார்ந்தால் தவறாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம், கூச்சப்பட வேண்டாம். ஜெபம் முடிந்ததும் சாப்பாடு இருக்கும், வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். வயதான சில பேர் மேசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், அப்பாவோடு ஒரே காலத்தில் கடற்படையில் சேர்ந்தவர்கள். நண்பரை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் பதிவை ஓட விடுங்கள். ஆவண மையத்திலிருந்து கோப்பு வர மாதக்கணக்கில் ஆகலாம், இவர்கள் எல்லாரும் எண்பதை ஒட்டிய வயதுக்காரர்கள்.